புண்ணியம் பாதி... புளித்த திராட்சை பாதி!

நம்ம ஊரில் 'ஒயின் ஷாப்' என்று ஒரு ஸ்தாபனம் இருந்தது, ஞாபகமிருக்கிறதா? பிராந்தி கிடைக்கும். விஸ்கி, ரம் கிடைக்கும். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மாங்காய் ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். கிடைக்காத ஒரே வஸ்து ஒயின்! 2003-ல் டாஸ்மாக் சில்லறை வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போர்டையெல்லாம் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் ஜனங்கள் வாயில் இன்னும் அது 'ஒயின் ஷாப்'தான். "ஒயின் ஷாப்புக்கு எதிர்த்தாப்ல ஒரு சந்து போகும் பாருங்க..." என்றுதான் இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் வழி சொல்கிறார்கள்.

ஆக, ஒயின் என்ற வார்த்தையை தினமும் உச்சரித்து, ஒயினை மட்டும் கண்ணால் பார்க்காத சமூகம் நம்முடையது. அந்தச் சமூகத்தின் சார்பில் ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை நான் நாசிக் போய் வந்தேன். அதுவும் கோயில் டூர் பஸ்ஸில்!

மும்பைக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். நண்பன் அந்தேரியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸியில் அக்கவுன்ட்ஸ். ஜாகை டோம்பிவிலி. "டேய், ஆபீஸ்ல டூர் போறோம். ஒரு சீட் காலியா இருக்கு. வர்றியா?" என்று நோட்டீஸை நீட்டினான். 'ஒரு நாள் நாசிக் யாத்திரை. பஞ்சவடி, ராம்குண்டம், காலாராம் கோயில், மதிய சாப்பாடு, ஒயினரி' என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் யாரோ பச்சை மசியில் அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

ஆபீஸில் பக்தி பார்ட்டி, பாட்டில் பார்ட்டி என இரண்டு கட்சிகளாம். தனித்தனியாகப் போனால் தலைக்கு ஆகிற செலவு ஜாஸ்தி. கூட்டணி வைத்தால் பஸ் வாடகை பாதி. இந்தக் கூட்டணியை உருவாக்கிய மகானுபாவர் ஆபீஸ் கேஷியர். மாட்டுங்காவில் நாற்பது வருஷமாக இருக்கும் தமிழ் மாமா. வெற்றிலை கூடப் போடாதவர். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் சாத்தானோடும் ஷேர் ஆட்டோவில் போவார்.

காலை ஐந்தரைக்கு பஸ் கிளம்பியது. முன் பாதியில் ஸ்லோகம், பின் பாதியில் அந்தாக்ஷரி. கசாரா மலைப்பாதை ஏறும்போது முன் பாதியிலிருந்து எலுமிச்சம்பழம் பின் பாதிக்கும், பின் பாதியிலிருந்து சிப்ஸ் பாக்கெட் முன் பாதிக்கும் கை மாறின. இகத்புரியில் வடாபாவ். மும்பையிலிருந்து நாசிக் சுமார் 170 கிலோமீட்டர். பத்தரைக்குப் பஞ்சவடி.

கோயில் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பாட்டில் பார்ட்டியும் அப்படித்தான் செய்தது! ராமரும் சீதையும் லட்சுமணரும் வனவாசத்தில் தங்கிய இடம் பஞ்சவடி என்பது ஐதீகம். சூர்ப்பணகையின் மூக்கு அறுபட்ட இடம் என்பதால்தான் 'நாசிகா', நாசிக் ஆனது என்கிறார்கள். கருங்கல்லில் எழும்பியிருக்கும் காலாராம் கோயிலில் எனக்கு வேறொரு நினைவு வந்தது. இந்தக் கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டுத்தான் 1930-ல் அம்பேத்கர் சத்தியாகிரகம் நடத்தினார். வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தேன். அதற்குள் பின் பாதி ஆட்கள் பஸ்ஸில் ஏறி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு ஹோட்டலில்தான் அந்தப் பையனைச் சரியாகக் கவனித்தேன். பில்லிங் செக்ஷனில் இருக்கிறான். இருபத்தாறு வயசு. ஒல்லி. எந்தப் பாதியிலும் சேராமல் நடு சீட்டில் உட்கார்ந்து வந்தவன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கம்பம் பக்கம்ண்ணே. நமக்கும் திராட்சைத் தோட்டம்தான். ரெண்டு ஏக்கரு."

"அட! அப்ப இந்த டூர் உனக்கு இன்ஸ்பெக்ஷன் மாதிரி!"

அவன் சிரிக்கவில்லை. "அப்பா சித்திரைக்குள்ள பந்தலைப் பிரிச்சுப்புட்டு வாழை போடலாமாங்குறாரு. ஒயின் திராட்சைன்னு ஒண்ணு இருக்காமே, அது கட்டுமான்னு பாத்துட்டு வான்னாரு. அதுக்குத்தாண்ணே வந்தேன்."

கம்பம் பன்னீர் திராட்சை தெரியாதவர்கள் இருக்க முடியாது. கறுப்பாக, விதையோடு, வாயில் போட்டால் பன்னீர் வாசனை வருமே, அதுதான். 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பது அதன் சர்வதேசப் பெயர். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற இடங்களில் வருஷத்துக்கு ஒரு சீஸன் என்றால், கம்பம் பள்ளத்தாக்கில் அநேகமாக வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். குறியீடு கிடைத்துவிட்டது, விலை?

"ஏஜென்டு வருவாரு. ரெண்டு பழத்தைப் பிச்சு வாயில போடுவாரு. 'இனிப்பு ஏறலையே'ம்பாரு. அம்புட்டுத்தான். கிலோவுக்கு அஞ்சு ரூவா போச்சு. அவரு நாக்குதாண்ணே எங்களுக்குத் தராசு!"

நாங்கள் போன ஒயினரியின் பெயர் இங்கே வேண்டாம். நாசிக்கைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அதில் ஒன்று. வாசலில் இறங்கியதுமே பாட்டில் பார்ட்டிக்கு முதல் ஏமாற்றம். பாட்டிலே கண்ணில் படவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செடிதான்! நம்மூர் மாதிரி தலைக்கு மேலே பந்தல் இல்லை. இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடியை ஏற்றியிருந்தார்கள். ராணுவ அணிவகுப்பு போல ஒரு நேர்த்தி.

சுற்றிக் காட்ட வந்த நாசிக் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயசு இருக்கும். மூன்று பாஷையில் ஜோக் அடித்தாள். "இதைச் சாப்பிட்டுப் பாருங்கள்" என்று ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்தாள். சுண்டைக்காய் சைஸ். தடித்த தோல். உள்ளே பாதி இடம் விதைக்கு. ஆனால் இனிப்பு... அம்மாடி! ஜீராவில் ஊறப்போட்டது மாதிரி!

ஒயின் என்றால் புளித்துப்போன, விற்காத பழத்தை அமுக்குகிற சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் தலைகீழ். நாம் தின்கிற திராட்சையைவிட ஒயின் திராட்சையில் சர்க்கரை அதிகம். 'பிரிக்ஸ்' என்று ஒரு அளவு. நூறு கிராம் சாறில் எத்தனை கிராம் சர்க்கரை என்று தோராயமாகச் சொல்லும். மேஜைத் திராட்சைக்கு 16, 18 இருந்தால் போதும். ஒயின் திராட்சையை 22, 24 வரும்வரை கொடியிலேயே விட்டு வைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சர்க்கரை எவ்வளவோ, சரக்கு அவ்வளவு!

அவள் பாக்கெட்டிலிருந்து பேனா டார்ச் மாதிரி ஒரு குழலை எடுத்தாள். ஒரு முனையில் கண்ணாடி. அதன்மேல் ஒரு சொட்டுத் திராட்சைச் சாறு. மூடியை மூடி, வெளிச்சத்துக்குக் காட்டி, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே அளவுகோல். நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் இனிப்பு. 'ரிஃப்ராக்டோமீட்டர்' என்று பெயர். பேட்டரி கூட வேண்டாம்.

எல்லோரும் "வாவ்" சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கம்பத்துத் தம்பி நகரவில்லை. வாங்கிப் பார்த்தான். 23. துடைத்தான். வேறு கொடியில் கேட்டு ஒரு பழம் பறித்தான். 22. மறுபடி துடைத்தான்.

"மேடம், இது தின்கிற திராட்சைக்கும் காட்டுமா?"

"கரும்பு, மாம்பழம், தர்ப்பூசணி, எந்தச் சாறு ஊற்றினாலும் காட்டும்" என்றாள்.

அவன் அதைத் திருப்பிக் கொடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே... தாலியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி!

அடுத்து ஃபாக்டரி. ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு எவர்சில்வர் டாங்குகள். பால் பண்ணை என்று சொன்னால் நம்பிவிடலாம். வெள்ளை ஒயினுக்குப் பழத்தை நசுக்கி, தோலைப் பிரித்துவிட்டு, சாறை மட்டும் குளிர வைத்துப் புளிக்க விடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். கறுப்புத் திராட்சையை உரித்துப் பாருங்கள், உள்ளே சதை வெளுப்பாகத்தான் இருக்கும். சிவப்பெல்லாம் தோலின் உபயம். கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயினும் எடுக்கலாம் என்பது நான் கற்றுக்கொண்ட புது விஷயம்.

ஒரு டன் பழத்தில் 600, 700 லிட்டர் தேறும். அதாவது 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கேஷியர் மாமா பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியே முடித்துவிட்டார்.

பீப்பாய் அறை, ஏ.ஸி. போட்ட மண்டபம். ஓக் மரப் பீப்பாய்கள், தலைக்கு 225 லிட்டர், கிட்டத்தட்ட 300 பாட்டில். பிரான்ஸிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறதாம். மரத்தின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஒயின் ஆவியாகிவிடும். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

"தேவதையாவது ஒண்ணாவது? நார்மல் லாஸ்! காஸ்டிங் புஸ்தகத்துல மூணாவது சாப்டர்" என்றார் மாமா. அவ்வளவு பெரிய ஐரோப்பியக் கவிதை, மாட்டுங்கா கணக்கில் ஒரு என்ட்ரியாக முடிந்தது.

வெளியே வந்தால் திராட்சை மிதிக்கும் தொட்டி! அறுவடை சீஸனில் டூரிஸ்ட்டுகளுக்கான ஸ்பெஷல் அயிட்டம். காலைக் கழுவிக்கொண்டு தொட்டியில் இறங்கி மிதிக்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மெஷின் வந்த பிறகு நிஜ ஒயினுக்கு இந்தச் சாறு போவதில்லை என்பதை அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லி எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தாள். பக்தி பார்ட்டியிலிருந்து ஒரு பாலக்காட்டு மாமி முதலில் இறங்கினார். "எங்காத்துல சின்ன வயசுல நெல்லு மிதிச்சிருக்கேன். இதென்ன பிரமாதம்!" அவ்வளவுதான். முன் பாதி மொத்தமும் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள்! பஜனை டெம்போவில் மிதி. கேஷியர் மாமாவும் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி இறங்கிவிட்டார். கால் இரண்டும் கத்திரிக்காய் கலரில் வெளியே வந்தபோது, "ஒரு சொட்டு உள்ள போகலை. கால்தான் கெட்டுப்போச்சு" என்றார் சந்தோஷமாக.

பிறகுதான் பின் பாதி ஐந்து மணி நேரமாகக் காத்திருந்த டேஸ்ட்டிங்.

ஆளுக்கு ஐந்து வகை. வகைக்கு 30 மில்லி. முதல் டம்ளர் வந்ததும் நம் பையன்கள் நால்வர் 'சியர்ஸ்' சொல்லி ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, "அடுத்தது?" என்றார்கள். அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். முதலில் பார்க்கணுமாம். அப்புறம் டம்ளரைச் சுழற்றணுமாம். அப்புறம் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்கணுமாம். அப்புறம் ஒரு வாய், உருட்டி, வேண்டுமானால் பக்கெட்டில் துப்பலாமாம்.

"துப்பறதா? காசு குடுத்துருக்கோம் மேடம்!" என்று பின் பாதியில் ஒரு குரல் தழுதழுத்தது.

"லட்சுமணன் மூக்கை அறுத்த ஊர்ல வந்து, மூக்கால குடிக்கச் சொல்றாளே!" இது சாக்ஷாத் கேஷியர் மாமா. கையில் திராட்சை ஜூஸ்.

'ஸாவின்யோன் ப்ளாங்க்' என்ற வெள்ளை ஒயினில் குடமிளகாய் வாசனை வரும் என்றாள். வந்தது! 'ஷிராஸ்' என்ற சிவப்பில் மிளகு. அதுவும் லேசாக வந்தது. பக்கத்திலிருந்த நண்பன், "குடமிளகாயும் மிளகும் மோந்து பார்க்க எங்க வீட்டு உப்புமா போதுமேடா" என்றான். ஒருத்தர் சோடா கேட்டார். ஒருத்தர் ஊறுகாய் கேட்டார். ஊறுகாய் கேட்டவருக்குச் சீஸ் துண்டு கொடுத்தார்கள். அவர் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், சிவப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடுக்காய் தின்ற நாக்கு மாதிரி ஒரு துவர்ப்பு. வெள்ளையில் ஒன்று பரவாயில்லை. பாட்டில் விலையைப் பார்த்ததும் அந்தப் பரவாயில்லையும் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு ஆபீஸ் தத்துவம் வந்தது. "ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது ஸார். டாக்டர்களே சொல்றாங்க" என்றார் எக்ஸ்போர்ட் செக்ஷன் ஆசாமி. இந்த வசனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1991-ல் அமெரிக்க டி.வி. ஒன்றில், பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயாகத் தின்றும் மாரடைப்பு குறைவாக வருவதற்கு சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. ஆனால் 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பச்சையாகவே சொல்லிவிட்டது, உடம்புக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே கிடையாது என்று. எக்ஸ்போர்ட் ஆசாமியின் இதயம் இன்னும் 1991-லேயே துடித்துக்கொண்டிருக்கிறது.

கேஷியர் மாமாவின் டிக்கெட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளாஸ் ஒயின் 150 மில்லி, ஆல்கஹால் 12.5 சதம், ஆக 19 மில்லி ஆல்கஹால். ஒரு லார்ஜ் விஸ்கி 60 மில்லி, 42.8 சதம், ஆக 26 மில்லி. 650 மில்லி சாதா பீர் 5 சதம் என்றால் 32 மில்லி. அதாவது 'ஒயின்தானே, ஜூஸ் மாதிரி' என்பவர்கள், ஒரு முழு பாட்டிலைக் காலி செய்தால் குவார்ட்டர் விஸ்கியைத் தாண்டிவிடுகிறார்கள். "அஞ்சு முப்பது நூத்தம்பது. எல்லாரும் ஒண்ணரை ஸ்மால் அடிச்சாச்சு. போதும், எழுந்திருங்கோ!" என்று மாமா தீர்ப்பு சொன்னார்.

கம்பத்துத் தம்பி மட்டும் டேபிளில் இல்லை. அவன் பங்கு ஐந்து டம்ளரும் அப்படியே இருந்தன. (பின் பாதி அவற்றை வீணாக்கவில்லை.) தேடிப் போனேன். தோட்டத்து ஓரத்தில் கவாத்துக் கத்திரியும் கையுமாக இருந்த ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தான். டோம்பிவிலி ஹிந்தியும் நாசிக் மராட்டியும் கலந்த ஒரு பாஷை.

அந்தப் பெரியவர் சொன்னதற்கு முன்னால் கொஞ்சம் பின்கதை. நாசிக்கில் மேஜைத் திராட்சை ரொம்ப நாளாக உண்டு. ஒயின் மோகம் பிறகு வந்தது. கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் கம்பெனியில் வேலை பார்த்த ராஜீவ் சமந்த் என்பவர் வேலையை விட்டுவிட்டு நாசிக்கில் குடும்ப நிலத்துக்குத் திரும்பி, மாம்பழம் முதலானதையெல்லாம் முயன்று பார்த்துவிட்டு, 1997-ல் ஒயின் திராட்சை நட்டார். 2000-ல் முதல் பாட்டில். அம்மா பெயர் சுலபா. கம்பெனிக்கு 'சூலா' என்று வைத்தார். 2022 டிசம்பரில் அது ஷேர் மார்க்கெட்டுக்கே வந்துவிட்டது. நடுவில் 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்றே ஒரு கொள்கை கொண்டு வந்து சலுகை கொடுக்க, ஆளாளுக்கு ஒயினரி ஆரம்பித்தார்கள். விவசாயிகளும் தின்கிற திராட்சையைப் பிடுங்கிவிட்டு ஒயின் திராட்சை போட்டார்கள்.

"நட்டு மூணாம் வருஷம்தான் ஒழுங்கான மகசூல்" என்றார் பெரியவர். "எங்க சித்தப்பா ஒன்றரை ஏக்கர் போட்டார். பழம் தொங்குது. அந்த நேரம் பார்த்து உலகத்துல பணம் இல்லாம போச்சு. நவம்பர்ல மும்பை ஹோட்டல்ல துப்பாக்கிச் சண்டை. ஹோட்டலுக்கு வெளிநாட்டுக்காரன் வரலை. போன வருஷத்து ஒயினே டாங்குல நிக்குது. எங்க பழத்தை யார் வாங்குவா?"

2008-ஐச் சொல்கிறார். 26/11. அதற்கடுத்த ஓரிரண்டு வருஷங்களில் பல ஒயினரிகள் தள்ளாடின. பாக்கி வராத விவசாயிகள் கொடியைப் பிடுங்கினார்கள். தின்கிற திராட்சை என்றால் ஒயினரி இல்லாவிட்டாலும் சந்தையில் கூறு கட்டியாவது விற்கலாம். சுண்டைக்காய் சைஸில் விதையும் தோலுமாக இருக்கிற பழத்தை எந்தச் சந்தையில் கூறு கட்டுவது?

"சித்தப்பா என்ன பண்ணினார்?" என்று தம்பி கேட்டான்.

"ஜே.ஸி.பி. வாடகை கடன் வாங்கிக் கொடுத்தார்."

கொஞ்ச நேரம் மூன்று பேரும் பேசவில்லை.

பிறகு பெரியவர், இவனுடைய ஊரின் சூட்டைப் பற்றி விசாரித்தார். நாசிக் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் பக்கம். குளிர்காலத்தில் பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நல்ல குளிர். அந்தக் குளிரில்தான் பழத்தின் புளிப்பு தங்கும், புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று போய்விடும் என்றார். ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் வாக்கில் ஒரு கவாத்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. இரண்டு வெட்டுக்கு ஒரு விளைச்சல். "உங்க ஊர்ல வருஷம் முழுக்கப் பழம் காய்க்குதுங்கறே. அதை ஏன் பிடுங்கணும்?" என்று ஆச்சரியப்பட்டார். "நாங்க அந்த வரத்துக்குத் தவம் கிடக்கிறோம். இங்க வாங்குறவங்ககிட்ட எழுத்துல ஒப்பந்தம் போட்டவன் மட்டும்தான் அன்னைக்குத் தப்பிச்சான். கம்பெனிக்காரன் இனிப்பை அளந்து ரேட் போடுவான். கண்ணால பாத்துப் போடறதில்லை."

திரும்பி நடக்கும்போது தம்பி தானாகவே ஆரம்பித்தான்.

"நான் ஏன் குடிக்கலைன்னு நெனைச்சிருப்பீங்க. எங்கப்பா குடிச்சதை நான் கிலோவுல கணக்கு வெச்சிருக்கேன்ண்ணே. ஸ்கூல் நோட்டுல கடைசிப் பக்கம். விலை விழுந்த சீஸன்ல, ஒரு குவார்ட்டருக்குப் பத்துக் கிலோ பழம். ஒரு நாளைக்கு ரெண்டுன்னா இருபது கிலோ. கொடியில மூணு மாசம் மருந்தடிச்சு, கவாத்து பண்ணி, அம்மா கையால வெட்டின பழம். அத வித்து வாங்குற சரக்குல ஒரு சொட்டுத் திராட்சை கிடையாது."

நான் நின்றுவிட்டேன். வாஸ்தவம். நம்மூர் பிராந்தி, ரம் எல்லாம் பெரும்பாலும் கரும்பு ஆலைக் கழிவுப் பாகில் காய்ச்சின ஸ்பிரிட். லேபிளில் திராட்சைக் கொத்துப் படம் இருக்கும். அவ்வளவுதான் உறவு. திராட்சை விவசாயி திராட்சையை விற்றுக் கரும்புப் பாகு குடித்திருக்கிறார். எந்த பாலன்ஸ் ஷீட்டில் இதை எழுதுவது?

"இப்ப?"

"மஞ்சக்காமாலை வந்து மதுரை ஆஸ்பத்திரில பத்தொம்பது நாள் கெடந்தாரு. மூணு வருஷமாத் தொடுறதில்ல. இப்பத்தான் தோட்டத்த முழுசாப் பாக்குறாரு. அவரு குடிக்காம இருக்கறப்ப விலை இல்லேன்னா, மனசு விட்டுப்புடுவாரோன்னுதாண்ணே பயமா இருக்கு. அதுக்குத்தான் வாழைங்குறாரு."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒயின் விற்க அனுமதிப்பதென்று முடிவெடுத்தது. விவசாயிக்கு நல்லது என்றது அரசு. குடும்பம் கெடும் என்று அண்ணா ஹஜாரே உண்ணாவிரத எச்சரிக்கை விட்டார். முடிவு நடைமுறைக்கு வராமலே நின்றுவிட்டது. பேப்பரில் படித்தபோது எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. அந்த இரண்டு பக்கமும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

பஸ் கிளம்பும்போது மணி ஆறு. கடையில் பின் பாதிக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கியிருந்தார்கள். பாலக்காட்டு மாமி உலர்திராட்சை இரண்டு பாக்கெட். "பாயசத்துக்கு ஆகும்." கேஷியர் மாமா வண்டியிலேயே கணக்கு முடித்து, தலைக்கு நாற்பது ரூபாய் திருப்பிக் கொடுத்தார். திராட்சைக் கறை படிந்த காலோடு அவர் நடுவழியில் நடந்து வந்து சில்லறை கொடுத்த காட்சிக்கு ஒரே கைதட்டல். பின் பாதி ஒன்றரை ஸ்மால் தயவில் தூங்கியது. முன் பாதி அந்தாக்ஷரியைப் பிடித்துக்கொண்டது!

தம்பி எனக்குப் பக்கத்து சீட். போனில் எதையோ தேடிக்கொண்டே வந்தான். எட்டிப் பார்த்தேன். ரிஃப்ராக்டோமீட்டர். ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து ஆரம்பித்தது. இகத்புரி தாண்டியதும் அப்பாவைக் கூப்பிட்டான். பஸ் சத்தத்தில் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அப்பா, இங்கன பாத்துட்டேன். ஒயின் திராட்சை நமக்குத் தோதுப்படாதுப்பா. வாங்க ஆளில்லாம நட்டா, பொழப்பு போயிரும். நம்ம பந்தலைப் பிரிக்க வேணா—"

கசாரா இறக்கம். சிக்னல் போய்விட்டது. இருபது நிமிஷம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சமவெளி வந்ததும் அவரே கூப்பிட்டார்.

"அங்கன கிலோ என்ன வெலைக்குப் போகுதாம்?"

"வெலைய அப்புறம் சொல்லுறேன்ப்பா. இனிப்ப அளந்துதான் வெலை போடுறாங்க. ஒரு குழாய் மாதிரி இருக்கு. ஒரு சொட்டு விட்டாப் போதும், நம்பர் காட்டிரும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திரும்பவும் சிக்னல் போய்விட்டதோ என்று அவன் போனைப் பார்த்தான்.

"நம்ம பழத்துக்கும் காட்டுமாடா அது?"

"காட்டும்ப்பா. கேட்டுட்டேன்."

"அப்ப ஒண்ணு வாங்கியா. அடுத்த வெட்டுக்கு அந்தாளு வர்றப்ப, நாக்க நீட்டச் சொல்லாம அதை நீட்டுவோம்."